‘உம்’ கொட்டவும் ‘நிறுத்து’ சொல்லவும்

(கோடை விடுமுறையில் சுற்றுவட்டார ஊர்க் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கப்போகும் இளைஞர்களுக்காக நெய்வேலியில் நடந்த ஒருநாள் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கதை விளையாட்டு’. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதைத் தொடர்ந்து இன்னொரு வாக்கியம் சொல்ல வேண்டும். கடைசி ஆளிடம் வந்து சேரும்போது ஒரு கதை உருவாகியிருக்கும். பயிற்சி முகாம்களில் இதை ஐஸ்பிரேக்கர் என்பார்கள். பத்து நிமிடம் போதும், காகிதம் பேனா எதுவும் வேண்டாம், முன்பின் தெரியாதவர்கள் சிரித்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இதை எப்படி நடத்துவது என்று சொல்லித்தரத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்று காலை இந்த அறையில் நடந்த அறிமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொன்னீர்கள். பெயர், எந்த வட்டம், அப்பா என்ன வேலை. நெய்வேலிக்காரர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. “பதினோராவது வட்டம், அப்பா முதல் சுரங்கத்துல இன்ஜினியர்” என்று ஒரு தோழர் சத்தமாகச் சொன்னார். “நாங்க வட்டத்துக்குள்ள இல்ல, வெளியே” என்று இன்னொரு தோழர் சொன்னபோது குரல் இறங்கியது. “அப்பா... வேலைக்குப் போறாங்க” என்று ஒருவர் முடித்துக்கொண்டார். “என்ன வேலை? பர்மனென்ட்டா, சொசைட்டியா, காண்ட்ராக்டா?” என்று கேட்டார்கள். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தத் தோழர் மதியம் வரை வாய் திறக்கவில்லை.

1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957இல் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். கிராமங்கள் இருந்த இடத்தில் ஒரு புதிய நகரம் எழுந்தது. இங்கே அக்ரஹாரம் இல்லை, சேரி என்று ஒரு திசை இல்லை. எண் போட்ட வட்டங்களும் குவாட்டர்ஸ்களும்தான். முகவரியில் சாதி தெரியாத ஊர் என்று பெருமையாகச் சொல்லலாம். அந்தப் பெருமையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பதவிக்கு ஏற்ற வீடு, வேலைக்கு ஏற்ற வட்டம், நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே ஓர் இடம் என்று ஆகும்போது, எண்ணைக் கேட்டாலே ஒருவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் அப்பாவின் வேலை. நம் நாட்டில் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பது பல நேரம் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்பதைச் சுற்றிவளைத்துக் கேட்பதுதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த முதல் நாள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். வட்டமாக உட்கார வைத்தார்கள். பெயர், ஊர், நுழைவுத் தேர்வில் என்ன ரேங்க். ரேங்க் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் மனதுக்குள் கணக்குப் போட்டு, “ஓ, எந்த கேட்டகிரி?” என்றார். அடுத்ததாக இதே கதை விளையாட்டு, ஆங்கிலத்தில். என் முறை வந்தபோது எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. “பிறகு எல்லோரும் தூங்கிவிட்டார்கள்” என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பனி உடைந்துவிட்டது என்று நடத்தியவர் நினைத்திருப்பார்.

பனியை உடைப்பது என்ற பேச்சு நமக்கு ஒத்துவராது. நெய்வேலியில் உடைப்பதற்குப் பனி ஏது? இங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும் என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவள் உறைந்துபோய் இருக்கவில்லை. கீழே இருக்கும் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்று இதைப் பெரிய கம்பெனிகளின் மனிதவளத் துறைக்காரர்கள் நடத்துகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட குழு விளையாட்டுகளை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1920களில் சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூகக் குடியிருப்பில் நெவா பாய்டிடம் பயின்றவர். குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளோடு, ஒருவர் மொழி இன்னொருவருக்குச் சரியாகத் தெரியாத இடத்தில், வேலை செய்தவர். சேர்ந்து விளையாடினால் சேர்ந்து இருக்கப் பழகலாம் என்ற நம்பிக்கையில் பிறந்த விளையாட்டுகள் இவை. 1963இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

அந்த நாடக மரபில் ஓர் அடிப்படை விதி உண்டு. உனக்கு முன்னால் பேசியவர் சொன்னதை மறுக்காதே. ‘ஆமாம்’ என்று ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர். நமக்கு இது புதிதல்ல. பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘உம்’ கொட்டுவோம். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டால்தான் புலவர் அடுத்த அடிக்குப் போவார். நீ சொல்வதை நான் கேட்கிறேன் என்பதற்கான சாட்சி அந்த ‘உம்’.

இந்த விதியில் சாதி ஒழிப்புக்கு வேண்டிய ஒரு விதை இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய உரையில் ஒரு நல்ல சமூகத்துக்கு அவர் சொல்லும் அடையாளம் என்ன? அதன் ஒரு மூலையில் நடப்பது தடையில்லாமல் மற்ற மூலைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அனுபவங்கள் பகிரப்பட வேண்டும். ஜனநாயகம் என்பதை அவர் ஓட்டுப் பெட்டியோடு நிறுத்தவில்லை. சேர்ந்து வாழும் முறை என்றே பார்த்தார். உன் வாக்கியத்தை நான் வாங்கிக்கொண்டு, அதைக் கெடுக்காமல் வளர்த்து, அடுத்தவருக்குக் கொடுக்கிறேன் என்றால் அது சின்ன அளவில் அந்தப் பழக்கம்தான். இதையும் மறக்கக் கூடாது: அந்த உரையை அவர் பேசவே முடியவில்லை. அழைத்தவர்களே அதைத் திருத்தச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு ரத்தானது. தன் சொந்தச் செலவில் அச்சிட்டுக் கொடுத்தார். வட்டத்தில் அவருடைய முறை வந்தபோது வட்டத்தையே கலைத்துவிட்டார்கள்.

ஆக, ‘உம்’ நல்ல விதி. ஆனால் அது மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் தவறிலிருந்து கற்றேன்.

சில வருடங்களுக்கு முன் சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்தினோம். ஒருநாள் பத்துக் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுத்துக் கொடுத்தேன்.

“ஒரு ஊர்ல ஒரு பாட்டி வடை சுட்டாங்க.”

“வாசனை மூணாவது தெரு வரைக்கும் போச்சு.”

“காக்கா வந்தா அடிக்கிறதுக்குப் பாட்டி கல்லு பொறுக்கி வெச்சிருந்தாங்க.”

“திரும்பிப் பார்த்தா வடையக் காணோம்!”

“காக்கா எடுக்கல. ஒரு குறவன் எடுத்துட்டு ஓடிட்டான்.”

பெரிய சிரிப்பு. கதை வேகம் எடுத்தது.

“பாட்டி போலீசுக்குப் போன் பண்ணிட்டாங்க.”

“போலீஸ் ஜீப்புல வந்து அவனப் புடிச்சிட்டாங்க.”

“லத்தியால ரெண்டு அடி அடிச்சதும் அவனே ஒத்துக்கிட்டான்.”

ஒன்பதாவதாக ஒரு பெண். “பாஸ்” என்றாள். நான் “சரி, அடுத்து” என்றேன்.

“பாட்டி திரும்பவும் வடை சுட்டுப் போலீசுக்குக் குடுத்தாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒருவர் சொன்னதை ஒருவர் மறுக்காமல், தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாம் உள்ள கதை. கலைந்து போகும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தாள். “அக்கா, நாளையிலிருந்து கணக்கு நேரத்துக்கு மட்டும் வரட்டுமா?”

அவள் யார் வீட்டுப் பிள்ளை என்பது அந்த வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தக் கதையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பத்துப் பேர் சேர்ந்து ஒரு திருட்டு வழக்கை ஜோடித்திருந்தோம். ஒருவர் குற்றவாளியைக் காட்டினார், ஒருவர் பிடித்தார், ஒருவர் அடித்து ஒப்புக்கொள்ள வைத்தார், ஒருவர் பரிசு கொடுத்தார். வகுப்பு நடத்தியவர் கை தட்டினார்.

இது எந்த மாவட்டம் என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1993இல் இங்கிருந்து அதிக தூரமில்லாத முதனை கிராமத்தில், நகை திருட்டு என்று சொல்லிக் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்று காவல்துறை சொன்னது. அதுவும் பலர் சேர்ந்து சொன்ன கதைதான். ஒருவர் எழுத, ஒருவர் கையெழுத்துப் போட, ஒருவர் ஆமாம் என்று சொல்லி உருவான கதை. அவருடைய மனைவி பார்வதிதான் அந்தக் கதையை நிறுத்தினார். உயர்நீதிமன்றம் போனார். சந்துரு அவருக்காக வாதாடினார். 2006இல் உயர்நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை வழங்கியது. 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது நாம் எல்லோரும் கண்ணீர் விட்டோம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் அன்று கை தட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழந்தைகள் கெட்டவர்களா? இல்லை. கதைக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். ஊர் அவர்கள் நாக்கில் தயாராக வைத்திருந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். கூட்டாகக் கதை சொன்னால் அந்தக் கூட்டத்தின் பொதுப்புத்திதான் முதலில் வெளியே வரும். அந்தப் பொதுப்புத்திக்கு எல்லோரும் ‘உம்’ கொட்ட வேண்டும் என்று விதி போட்டால், யாரைப் பற்றிய கதையோ அவர்களும் ‘உம்’ கொட்ட வேண்டியிருக்கும். இல்லையென்றால் ‘பாஸ்’ சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டியிருக்கும். ஆளுக்கொரு முறை கொடுத்துவிட்டோம் என்பதால் சமத்துவம் வந்துவிடாது. கதையின் போக்கை மாற்றும் உரிமை அந்த முறைக்குள் இருக்க வேண்டும்.

இதற்கு வழி தேடியபோது அகஸ்தோ போவாலின் வேலை எனக்குக் கைகொடுத்தது. பிரேசில் நாடகக்காரர். 1971இல் ராணுவ ஆட்சியால் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, பிறகு நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தவர். அவர் உருவாக்கிய மன்ற நாடகத்தில் ஓர் ஒடுக்குமுறைக் காட்சியை நடித்துக் காட்டுவார்கள். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லலாம். சொன்னவர் மேடைக்கு வந்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தானே நின்று கதையை வேறு பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாம். மேற்கு வங்கத்தில் ஜன சம்ஸ்கிருதி அமைப்பு இதைக் கிராமங்களில் செய்துவருகிறது. ‘ஆமாம்’ சொல்லும் மரபும் ‘நிறுத்து’ சொல்லும் மரபும் நம் கதை விளையாட்டுக்குச் சேர்ந்தே வேண்டும்.

இனி நடத்தும் முறை. எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, அறிமுகத்தில் பெயர் மட்டும். அதுவும் எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்ற பெயர். ஊர், தெரு, வட்டம், அப்பா வேலை, மதிப்பெண் எதுவும் கேட்காதீர்கள். தாங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை. அதற்கு மேல் போனால் முறை வருவதற்குள் சலித்துவிடும். பெயரின் முதல் எழுத்து வரிசையில் உட்காரவையுங்கள். விட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள். அகர வரிசையில் மாணவர்களை அமர்த்த வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் தமிழ்நாட்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலும் இருக்கிறது.

மூன்றாவது, முதல் வாக்கியம் நீங்கள் கொடுங்கள். ஒரு பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. தொலைந்துபோன செருப்பு, மழையில் நனைந்த கடிதம், சூடான வடை. ராஜா, பண்ணையார், மிராசுதார் என்று தொடங்கினால் அவர்களுக்குக் கீழே வேலை செய்ய ஆட்களைக் கதையே தேட ஆரம்பித்துவிடும்.

நான்காவது, ஆளுக்கு ஒரு வாக்கியம். முன்னவர் சொன்னதற்கு எல்லோரும் ‘உம்’ கொட்ட வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளை நீளமாகச் சொன்னாலும் ஒரு வாக்கியம்தான். யாருடைய பேச்சுத் தமிழையும் திருத்தாதீர்கள்.

ஐந்தாவது, யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. இது மிக முக்கியம். காரணம் கேட்டால், காயப்பட்டவரே எழுந்து நின்று தன் காயத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். ‘நிறுத்து’ என்றதும் அந்த வாக்கியம் திரும்பிப் போகும், சொன்னவர் வேறு வாக்கியம் சொல்வார், விளையாட்டு தொடரும். யாரும் சொல்லத் துணியாத நேரத்தில் நடத்துபவர் சொல்ல வேண்டும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாவது, விளையாட்டு முடிந்ததும் “உங்களில் யாருக்கு இப்படி நடந்திருக்கிறது?” என்று கேட்காதீர்கள். நல்ல நோக்கத்தில் நடக்கும் பல முகாம்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இந்த மண்ணைத் தோண்டியது போதும். பிள்ளைகளின் வலியையும் தோண்டி எடுத்துக் கரும்பலகையில் எழுத வேண்டாம். கதை என்பது யாருடைய சொந்த விஷயத்தையும் கேட்காமல் பேச இடம் கொடுக்கிறது. அதைப் பறித்துவிடாதீர்கள்.

உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி இருக்கும். வடைக் கதை விளையாடினால் சாதி போய்விடுமா தோழர்? போகாது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைச் சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுத்த பெற்றோர் இருந்தார்கள். பக்கத்தில் வடலூரில் வள்ளலார் 1867இல் எல்லோருக்கும் பொதுவாக அடுப்பு மூட்டினார். நூற்றைம்பது வருடம் கழித்தும் ‘யார் சமைத்தது’ என்ற கேள்வி இருக்கிறது. பாட்டி வடை சுட்ட கதையில் அந்தப் பாட்டி எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கதைக்கு வெளியே கேட்கிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை வீடு தேடிப்போய் வெட்டியவர்கள் அவனுடன் படித்தவர்கள். பழக்கம் இல்லாததால் நடந்தது அல்ல அது. ஆகவே அறிமுகமானால் அன்பு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது அதைவிடச் சின்னது. ஆதிக்க சாதியில் பிறந்த பிள்ளைக்கு வீடும் ஊரும் கற்றுத்தராத ஒன்றை இந்த விளையாட்டு கற்றுத்தர முடியும். ‘நிறுத்து’ என்று ஒருவர் சொன்னால் நிறுத்துவது. கோபப்படாமல், காரணம் கேட்காமல், வேறு வாக்கியம் தேடுவது. ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு, தான் சொன்னால் கதை நிற்கும், நின்ற பிறகும் தன்னை யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்பது தெரியும். பத்து வயதில் இரண்டு பக்கமும் இது பழகினால், இருபது வயதில் சட்டத்தையும் உரிமையையும் பேசும்போது அது வெறும் புத்தக வார்த்தையாக இருக்காது. சட்டம், நிலம், வேலை, இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கான போராட்டத்தின் இடத்தில் இதை நான் வைக்கவில்லை. அந்தப் போராட்டத்துக்கு வரும் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து பேசுவார்கள் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கடைசியாக, அந்தப் பெண்ணைப் பற்றி. மறுநாள் எல்லாக் குழந்தைகளிடமும், நேற்றைய கதையை ஓடவிட்டது என் தப்பு என்று சொன்னேன். அவளைச் சுட்டவில்லை. புதிய விதியையும் சொன்னேன். அவள் சில வாரம் கணக்குக்கு மட்டும்தான் வந்தாள். பிறகு கணக்கு முடிந்தும் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். ஒருநாள் தானாகவே வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். அன்றும் ஒரு பாட்டி கதைதான். பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், டாக்டர் இல்லை. “பாட்டி செத்துட்டாங்க” என்றான் ஒரு பையன்.

“நிறுத்து” என்றாள் அவள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் விதிப்படி ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “பாட்டி சாக வேணாம்.”

அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். “பாட்டி எந்திரிச்சு, டாக்டர் எங்கேன்னு சண்டை போட்டாங்க” என்றான்.

எல்லோரும் ‘உம்’ கொட்டினோம்.

இப்போது நாற்காலிகளை ஓரமாகப் போட்டுவிட்டு வட்டமாக உட்காருங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதும். ஜெய்பீம்.